முழு நைட்

ஏப்ரல் 19, 2023
இந்த வாரம் நூல் மில்லுல முழு நைட் ஷிஃப்ட். மூணு மணிக்கு மேல கால் தானா நடக்குது, கை தானா அறுந்த இழையை ஒட்டுது. அந்த நேரத்தை நினைச்சாலே பயமா இருக்கு.

ஏப்ரல் 20
பகல்ல தூக்கமில்ல. தகரக் கூரை.

ஏப்ரல் 21
சட்டசபையில 12 மணி நேர வேலை மசோதா நிறைவேறிடுச்சாம். கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு.

ஏப்ரல் 22
வாரத்துக்கு 48 மணி நேரம் மாறாது, விருப்பப்பட்டவங்களுக்கு மட்டும்தான்னு டிவியில சொல்றாங்க. "ஆள் வரல, இருந்துட்டுப் போம்மா"ன்னு சூப்பர்வைசர் கேட்டை மறிச்சு நிக்கிறப்ப என் விருப்பம் எங்க இருக்கு? 1948 தொழிற்சாலைச் சட்டத்துல ஓ.டி.க்கு ரெட்டைச் சம்பளம்னு இருக்கு, 59-வது பிரிவு. எங்களுக்குக் கவர்ல வர்றது ஒத்தைச் சம்பளம். இந்த மசோதா அந்தப் பிரிவுக்கே விலக்கு தரலாம்னு சொல்லுதாம். கிடைக்கலேன்னாலும் இதுவரைக்கும் கேக்க ஒரு வழி இருந்துச்சு.

நின்னு வேலை செய்றவங்க இடையில உக்கார வசதி வேணும்னும் அதே சட்டத்துல இருக்கு, 44-வது பிரிவு. சங்கத்து அண்ணன் படிச்சுக் காட்டினார். எங்க ஓரத்துல கிடந்த ஸ்டூலைப் போன மாசம் எடுத்துட்டுப் போயிட்டாங்க.

ஏப்ரல் 23
முட்டி வீக்கம் இறங்கல.

ஏப்ரல் 24
சங்கங்களோட பேசின பிறகு மசோதாவை நிறுத்தி வெச்சுட்டாங்க. "அதான் நின்னுருச்சே புள்ள"ங்கறாங்க கூட வேலை செய்ற அக்கா. நிறுத்தி வெச்சிருக்காங்க, எடுக்கலையே.

ஏப்ரல் 28
நடுராத்திரி வரைக்குமான அரை நைட் முடிச்சு அப்படியே முழு நைட், டபுள் ஷிஃப்ட். நானும் அக்காவும். விடியற நேரத்துல அக்கா ஓடுற நூற்பு மெஷின் பிரேம் மேலயே சாஞ்சுட்டாங்க. கண்ணு திறந்துதான் இருந்துச்சு. தோளைப் பிடிச்சு இழுத்தேன். "தூங்கலடி"ன்னாங்க. கை ரோலர்கிட்டப் போயிருந்துச்சு. முகமெல்லாம் பஞ்சு. சூப்பர்வைசர் வந்து, அந்தப் பக்கம் இழை அறுந்து கிடக்குதுன்னு சத்தம் போட்டார். அவங்களை உக்கார வைக்க ஒரு ஸ்டூல் இல்ல. தரையில உக்கார வெச்சுத் தண்ணி குடுத்தேன். இதையெல்லாம் எந்த நோட்டுல எழுதுவாங்க?

மே 1
மசோதாவைத் திரும்ப வாங்கியாச்சு! மே தினப் பூங்காவுல முதல்வரே சொன்னார். சிங்காரவேலர் 1923-ல சென்னையில மே தினக் கொடி ஏத்தி 100 வருஷம். அழுதுட்டேன்.

மே 3
இன்னைக்கும் டபுள்.

மே 4
அக்னி நட்சத்திரம் ஆரம்பம். வறண்ட காத்து பட்டா இழை அறும், அதனால ஜன்னல் திறக்கறதில்ல. நூலுக்கு வேண்டிய ஈரத்தை அளந்து விடறாங்க, எங்களுக்கு மூச்சு முட்டுது.

நாளைக்கும் டபுளுக்கு இருக்கச் சொல்லியிருக்காங்க. முடியாதுன்னு சொல்லப் போறேன். அக்காவும் கூட நின்னு சொல்லணும். காலையில அவங்க வீட்டுக்குப் போய்ப் பேசணும்.