மாங்கொட்டைக்குத் தலைவாரும் ஞாயிறு

கிருஷ்ணகிரியில் இது மாம்பழக் காலம். தெருவில் எல்லார் வீட்டுக் குப்பையிலும் மாங்கொட்டைதான். அதனால் ஞாயிறு மாலை எங்கள் மொட்டைமாடியில் கூடும் வாண்டுகளுக்கு இப்போது மாங்கொட்டை பொம்மை.

பெங்களூரா வகை மாம்பழத்தின் கொட்டை இதற்குச் சரிப்படாது, நார் குறைவு. நார் நிறைந்த நாட்டு மாங்கொட்டைதான் வேண்டும். சதை போகத் தேய்த்துக் கழுவி, நல்ல வெயிலில் காயவிட்டு, பழைய சீப்பால் வாரினால் நார் முடிபோல எழுந்து நிற்கும். கண், மூக்கு வரைவது பிள்ளைகள் பாடு. ஒரு பொம்மைக்கு மீசை மட்டும்தான், கண்ணே இல்லை. கேட்டால், "தூங்குறாரு அத்தை" என்று பதில் வருகிறது.

துணி ஒட்ட மைதாப் பசை போதும். போஸ்டர் ஒட்டுகிறவர்கள் அதில் மயில்துத்தம் கலப்பார்கள். அது விஷம், பிள்ளைகள் கைக்குக் கூடாது. அப்புறம், 3 வயதுக்குக் கீழே யாராவது இருந்தால் புளியங்கொட்டை, பாசிமணி எதையும் எட்டும் இடத்தில் வைக்காதீர்கள். நேராக வாய்க்கோ மூக்குக்கோ போய்விடும்.

பெரிய ஏற்பாடெல்லாம் கிடையாது. ஒரு பாய், பழைய செய்தித்தாள், சுண்டல். அம்மாக்கள் பேச உட்கார்ந்தால் எழ மாட்டார்கள், அது தனிக் கதை.

இந்த ஞாயிறும் உண்டு. கொட்டையை நன்றாகக் காயவைத்தே எடுத்து வாருங்கள், ஈரக் கொட்டையில் ஈ மொய்க்கிறது.