பேஸ்லைன் ஆடியோகிராமின், அதாவது வேலையில் சேரும்போது எடுத்த முதல் காதுப் பரிசோதனையின், நகல் உங்களிடம் இருக்கிறதா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் ஆலைத் தொழிலாளர்களின் காதைச் சோதிப்பது என் வேலை. இந்த ஊரின் இந்தியர் குடியிருப்புகளான சாட்ஸ்வொர்த்திலிருந்தும் ஃபீனிக்ஸிலிருந்தும் வருகிறவர்களில் நம் தமிழ் ஆட்கள் நிறைய. நெசவு, சர்க்கரை, அட்டைப்பெட்டி என்று ஏதோ ஓர் ஆலையில் வயதைக் கழித்தவர்கள். காது எப்படி இருக்கிறது என்று கேட்டால், "நல்லாத்தான் கேக்குதும்மா, இப்பல்லாம் யாரும் தெளிவாப் பேசுறதில்ல" என்பார்கள்.

அவர்கள் உணர்வது அதுதான். ஆலை இரைச்சல் முதலில் கெடுப்பது 4000 ஹெர்ட்ஸையொட்டிய உயர் சுருதி ஒலிகளை. தாழ்ந்த சுருதிகள் தப்பிவிடுவதால் குரல் கேட்கும், சொல் பிடிபடாது. பால் கேட்டால் கால் என்று காதில் விழும். நாலு பேர் கூடிப் பேசும் இடத்தில் இன்னும் மோசம். வீட்டிலுள்ளவர்களுக்குத்தான் இது முதலில் தெரியும். அதனால் முடிந்தால் மாமியையும் அழைத்து வாருங்கள் என்று சொல்வேன்.

சத்தம் புகாத அறையில் ஹெட்ஃபோன் மாட்டி, ஒவ்வொரு சுருதியிலும் கேட்கிற மிகச் சிறிய ஒலியைக் குறிப்பதுதான் ஆடியோகிராம். இரைச்சலால் கெட்ட காதில் கோடு 4000 பக்கம் பள்ளமாக இறங்கி, 8000-இல் கொஞ்சம் ஏறும். முதுமையால் வரும் குறைவு அப்படி ஏறாமல் சரிந்துகொண்டே போகும். வயதான தொழிலாளியிடம் இரண்டும் கலந்திருக்கும் என்பதால் பள்ளத்தை மட்டும் பார்த்து முடிவு சொல்ல முடியாது. காதுக்குள் அழுக்கு அடைத்திருக்கிறதா, சீழ் வடிந்ததுண்டா, காவடிக்கு உறுமி அடிப்பவரா, துப்பாக்கி சுட்டுப் பழக்கமா என்று எல்லாம் கேட்பேன்.

இந்த நாட்டில் கட்டாயம் கேட்க வேண்டிய இன்னொன்று காசநோய். மருந்துக்கு மசியாத காசநோய்க்குப் போட்ட கானமைசின் ஊசியும் உயர் சுருதிகளைத்தான் முதலில் பறிக்கும். 2018-இல் தென்னாப்பிரிக்கா அந்த ஊசிகளை விட்டு பெடாகுவிலின் மாத்திரைக்கு மாறத் தொடங்கியது. ஆனால் அதற்கு முன்னால் ஊசி போட்டவர்கள் இன்னும் வேலையில் இருக்கிறார்கள். காசநோயைச் சொல்லப் பலருக்கும் கூச்சம். தயவுசெய்து மறைக்காதீர்கள், கணக்கே மாறிவிடும்.

வேலையில் சேரும்போது எடுக்கும் முதல் பரிசோதனைதான் பேஸ்லைன். அதற்கு முன் 16 மணி நேரம் இரைச்சலில் இருக்கக்கூடாது. சத்தத்திலிருந்து வெளியே வந்த காது கொஞ்ச நேரம் மந்தமாக இருந்துவிட்டுத் தெளியும். அந்த மந்தத்தோடு அளந்தால் தொடக்கமே கெட்ட காதாகப் பதிவாகி, பின்னால் உண்மையிலேயே குறையும்போது குறைந்ததே தெரியாது. இரவு ஷிப்ட் முடிந்து நேரே வருகிறவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுவேன். மேலாளர்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் கீழ் 2001-இல் வந்த 171-ஆம் சுற்றறிக்கையின்படி, 500 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையிலான அளவுகளிலிருந்து கேட்கும் திறன் குறைவு சதவீதமாகக் கணக்கிடப்படும். பேஸ்லைனைவிட அது 10 சதவீதத்துக்கு மேல் கூடியிருந்தால்தான் இழப்பீட்டுக் கோரிக்கை. 6000-இல் எவ்வளவு இழந்திருந்தாலும் அந்தக் கணக்கில் ஏறாது. எனக்கு இதில் வருத்தம் உண்டு. பேச்சில் தடுமாறுகிற ஒருவரிடம் உங்கள் எண் இன்னும் போதவில்லை என்று சொல்வது எளிதில்லை.

அண்மையில் ஒரு மாமா வந்தார். ஆலையில் பாய்லர் பக்கமே காலம் போனது. கோட்டில் பள்ளம் பளிச்சென்று தெரிந்தது. பேஸ்லைன் எங்கே என்றால், "ஆபீஸ்ல இருக்கும்மா" என்றார். ஆலை கைமாறியபோது பழைய கோப்புகள் எங்கே போயின என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. அவருக்கு எவ்வளவு போயிற்று என்று நான் எதை வைத்துக் காட்டுவது? எனக்குக் கோபம்தான் வந்தது.

சத்தம் 85 டெசிபலும் அதற்கு மேலும் உள்ள இடத்தில் வேலை செய்கிறீர்களா? 88 ஆனால் 4 மணி நேரத்திலேயே ஒரு நாள் முழுவதற்கான இரைச்சல் காதுக்குள் போய்விடும். காது அடைப்பானைப் போடுங்கள். இந்த வாரமே உங்கள் மருத்துவ அறையில் பேஸ்லைன் நகலையும் கடைசிப் பரிசோதனையின் நகலையும் கேளுங்கள். இல்லை என்றால் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். கைபேசியில் படம் பிடித்து மகளுக்கோ மகனுக்கோ ஒன்று அனுப்பி வையுங்கள்.