சிபாப் மாஸ்க்கும் முகத் தோலும்: கடலோர வீடுகளுக்கான குறிப்புகள்

தூக்கத்தில் மூச்சு அடைபடாமல் இருக்க மாஸ்க் வழியே காற்றை அழுத்தித் தரும் சிபாப் மெஷினை அட்டைப்பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றிவிட்டவர்களிடம் ஏன் என்று கேட்டால், மூக்குத்தண்டைத் தொட்டுக் காட்டுகிறவர்கள் உண்டு. அங்கே கறுத்த தழும்பு, கன்னத்தில் பட்டை போன வழியில் அரிப்பு, தாடையில் பரு. தோலுக்காக மெஷினை நிறுத்திவிடாதீர்கள். மாஸ்க்கைச் சரிசெய்தாலே இதில் பெரும்பாலானவை அடங்கிவிடும். எதைச் சரிசெய்வது என்பதைத் தடம் விழுந்த இடமே சொல்லும். க்ரீம் எல்லாம் அப்புறம்தான்.

மூக்குத்தண்டில் மட்டும் தடம் என்றால் அது அழுத்தம். காலையில் மாஸ்க்கைக் கழற்றி அரை மணி நேரத்தில் தடம் மறைந்துவிட்டால் பயமில்லை. மறையாமல் இருந்தாலோ, விரலால் அழுத்தும்போது நிறம் வெளுக்காமல் அப்படியே நின்றாலோ, அது புண்ணாகும் வழியில் இருக்கிறது. நம் நிறத்துக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்திருக்கிறதா, தொட்டால் சூடாகவோ கட்டியாகவோ இருக்கிறதா, வலிக்கிறதா என்று பாருங்கள்.

காற்று கசிகிறது என்று பட்டையை இறுக்குவதுதான் இந்தப் புண்ணுக்கு முதல் காரணம். மாஸ்க்கில் முகத்தோடு படும் சிலிகான் குஷனின் உள்விளிம்பு மெல்லிய சவ்வு மாதிரி இருக்கும். மெஷினிலிருந்து வரும் காற்று அதை உப்பவைத்து, முகத்தோடு ஒட்டச் செய்கிறது. இறுக்கினால் சவ்வு நசுங்கி மடியும். கசிவு கூடும், மறுபடி இறுக்குவோம். அதனால் மாஸ்க்கை உட்கார்ந்துகொண்டு மாட்டாதீர்கள். பட்டைகளைத் தளர்த்தி, மெஷினை ஓடவிட்டு, தூங்கும் நிலையிலேயே படுத்துக்கொள்ளுங்கள். மாஸ்க்கை முகத்திலிருந்து லேசாக முன்னுக்கு இழுத்து, குஷன் உப்பியதும் மெல்ல விடுங்கள். பிறகு கீழ்ப்பட்டை, மேல்பட்டை இரண்டையும் இரு பக்கமும் சமமாக, கசிவு நிற்கும் வரை மட்டும் இழுங்கள். பட்டைக்கும் கன்னத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். மாஸ்க்கின் முன்பக்கத்துச் சிறு துளைகள் வழியே வரும் காற்று கசிவு அல்ல, நீங்கள் விட்ட மூச்சு வெளியேறும் வழி. அதை எதனாலும் அடைக்கக் கூடாது.

இப்படிச் செய்தும் கசிந்தால் அளவு தவறு, அல்லது குஷன் தேய்ந்துவிட்டது. சரியான அளவோ புதுக் குஷனோ வாங்கி மாற்றுங்கள். புண் ஆறும்வரை மூக்குத்துளையில் மட்டும் உட்காரும் பில்லோ வகைக்கு மாறினால் மூக்குத்தண்டுக்கு முழு ஓய்வு. ஆனால் வாயால் மூச்சு விடுகிறவர்களுக்கும், மெஷினின் அழுத்தம் அதிகம் வைத்திருப்பவர்களுக்கும் அது ஒத்துவராமல் போகலாம். மெஷின் கொடுத்தவரிடமோ மருத்துவரிடமோ கேட்டு மாற்றுங்கள். தோல் கிழியாமல் தடம் மட்டும் இருந்தால் மெல்லிய ஹைட்ரோகொலாய்டு பிளாஸ்திரியை மூலைகளை வட்டமாக வெட்டி ஒட்டலாம். நீர் வடியும் புண்மேல் நீங்களாக ஒட்ட வேண்டாம்.

1981-ல் சிட்னியில் மருத்துவர் காலின் சல்லிவன் இந்தச் சிகிச்சையைக் கொண்டுவந்த காலத்தில், மூக்கு மாஸ்க்கைச் சிலிகான் பசை போட்டு முகத்தில் ஒட்ட வேண்டியிருந்தது. தோல் பிரச்சினை இந்தச் சிகிச்சையோடு கூடவே பிறந்தது.

இனி நம் ஊர் விஷயம். ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம், கீழக்கரை, தொண்டி என்று எங்கே இருந்தாலும் இரவில் காற்றில் ஈரம் உண்டு. குஷனுக்கு அடியில் வியர்வை தங்கி, ஊறிய தோல்தான் சீக்கிரம் உரியும். மெஷினின் தண்ணீர்த் தொட்டி காற்றில் ஈரம் சேர்க்கும் அளவை, வாங்கிய நாள் வைத்தபடியே வருஷம் முழுக்க விட்டுவிடாதீர்கள். மூக்குக்குள்ளோ ட்யூபுக்குள்ளோ நீர் சொட்டினால் ஒரு இரவுக்கு ஒரு படி குறைத்துப் பாருங்கள். மூக்கு வறண்டால் ஒரு படி ஏற்றுங்கள். ஏசி அறையில் ட்யூப் குளிர்ந்து உள்ளே நீர் கோக்கும். ட்யூபைப் போர்வைக்குள் விடுங்கள், மெஷினைத் தலைமாட்டைவிடத் தாழ்வாக ஒரு முக்காலியில் வையுங்கள். தரையில் வேண்டாம். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் பொடிமணல் ஃபில்டரை அடைக்கும். வாரம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

கழுவுகிற தண்ணீர் இன்னொரு வில்லங்கம். போர்த்தண்ணீர் உப்பாக இருக்கும் வீட்டில் சோப்பு நுரைக்காது, அதனால் இன்னும் கொஞ்சம் சோப்பு ஊற்றுவோம். சோப்பும் தண்ணீரின் சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்து வெள்ளைப் படலமாகக் குஷனில் ஒட்டிக்கொள்ளும். இரவில் வியர்வை பட்டதும் அது தோலைக் கடிக்கும். தினமும் காலையில் குஷனைத் தனியாகக் கழற்றி, வாசனையும் மாய்ஸ்சரைசரும் இல்லாத லேசான லிக்விட் சோப் இரண்டு சொட்டு போட்டு வெதுவெதுப்பான நீரில் கழுவுங்கள். கடைசி அலசலுக்கு அரை லிட்டர் காவிரித் தண்ணீரோ கேன் தண்ணீரோ செலவழியுங்கள். டெட்டால், ஸ்பிரிட், பிளீச்சிங் எதுவும் கூடாது. பட்டைகளை வாரம் ஒருமுறையும், புழுங்கும் மாதங்களில் இருமுறையும் துவைத்து, வீட்டுக்குள் நிழலில் உலர்த்துங்கள். வெளியே கொடியில் போட்டால் உப்புக்காற்று ஏறிப் பிசுபிசுக்கும். மொட்டைமாடி வெயிலில் சிலிகான் விறைக்கும்.

படுக்கும் முன் முகத்தை நல்ல தண்ணீரில் கழுவி, ஈரம் போகத் துடைத்தபின் மாட்டுங்கள். கடலுக்குப் போய் வந்தவர்களுக்கு இது கட்டாயம். தேங்காய் எண்ணெய், வாசலின், பவுடர் எதுவும் மாஸ்க் படும் இடத்தில் வேண்டாம். எண்ணெயில் குஷன் வழுக்கும், பருவும் வரும். பவுடர் வியர்வையில் கட்டிபிடிக்கும், மூச்சோடு உள்ளேயும் போகும்.

வியர்வைக்கு நல்ல பலன் தருவது துணிதான். பழைய பருத்தி வேட்டியில் ஒற்றை மடிப்புத் துண்டை விரித்து, குஷனை அதன்மேல் வைத்து உள்விளிம்பைப் பென்சிலால் வரையுங்கள். அந்தக் கோட்டில் வெட்டி நடுவைத் திறந்துவிட்டு, வெளியே 2 செ.மீ. அகலம் விட்டு நறுக்குங்கள். மூச்சுப் பாதையிலோ காற்றுத் துளைகள் மீதோ துணி வரக் கூடாது. ஐந்தாறு துண்டு வைத்துக்கொண்டு தினம் ஒன்றாக மாற்றுங்கள். போட்டபின் மெஷினில் கசிவு எண் ஏறினால் துணி தடித்துவிட்டது என்று பொருள்.

தடம் குஷனின் வடிவத்திலேயே அரிப்போடு, பொரிப்பொரியாக வந்தால் ஒவ்வாமையாக இருக்கலாம். சிலிகானே ஒவ்வாமல் போவது அரிது. கன்னத்திலும் பிடரியிலும் பட்டை வழியே வந்தால் பட்டையின் ரப்பர், சாயம், துவைத்த சோப்பு இவற்றைச் சந்தேகப்படுங்கள். மெடிக்கலில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு க்ரீமை முகத்தில் தடவாதீர்கள். அரிப்பு ஒரே நாளில் நிற்கும், ஆனால் தொடர்ந்து போட்டால் தோல் மெலிந்து, பருவும் படையும் கிளம்பும். தோல் மருத்துவரிடம் போகும்போது மாஸ்க்கையும் பட்டையையும் பையில் எடுத்துப் போங்கள். முதுகில் ஒட்டி 48 மணி நேரம் கழித்துப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட்டில் எது ஒவ்வவில்லை என்று தெரியவரும்.

சீழ், காய்ச்சல், கண்ணை நோக்கிப் பரவும் வீக்கம் இருந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். சர்க்கரை நோயாளிகள் மூக்குத்தண்டில் தோல் கிழிந்தாலே காட்டிவிட வேண்டும்.