காத்திருக்க வைக்கும் விளையாட்டுகள்

பழைய யப்பானியப் பாத்திர விளையாட்டுகளைப் பற்றி, அதாவது ஒரு கதையின் பாத்திரங்களாக நின்று ஆடும், ஜே.ஆர்.பி.ஜி. என்று நாங்கள் சுருக்கிச் சொல்லும் வீடியோ விளையாட்டுகளைப் பற்றிக் குறை சொல்பவர்கள், எந்த வழியால் வந்தாலும் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறார்கள்: அவை ஆடுபவரின் நேரத்தைத் தின்கின்றன. குகைக்குள் நாலு அடி வைப்பதற்குள் திரை சுழன்று ஒரு சண்டை தொடங்குகிறது. அதை முடித்து இன்னும் ஐந்து அடி வைத்தால் அதே வௌவால்கள் மறுபடியும் வந்து நிற்கின்றன. பெரிய எதிரியை வெல்லப் பலம் போதவில்லையென்றால், ஊருக்கு வெளியே புல்வெளியில் மணிக்கணக்காகச் சுற்றிச் சின்னப் பிராணிகளை அடித்து அனுபவப் புள்ளி சேர்க்க வேண்டும். இந்தக் குறைகளில் ஒன்றையும் நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் இவ்விளையாட்டுகள் என்னை இத்தனை காலம் பிடித்து வைத்திருப்பதும் அதே காத்திருப்பினால்தான் என்பதால், எந்தக் காத்திருப்பு பெறுமதியானது, எது வெறும் நேர விரயம் என்று பிரித்துப் பார்க்க விரும்புகிறேன்.

1986 மே மாதம் நின்டெண்டோவின் ஃபமிகொம் என்ற விளையாட்டுக் கருவிக்கு வெளியான டிராகன் குவெஸ்ட் இந்த வழக்கங்களில் பலவற்றை நிலைநிறுத்தியது. யூஜி ஹொரி வடிவமைத்து, அகிரா தொரியாமா உருவங்களை வரைந்து, கொயிச்சி சுகியாமா இசையமைத்த அந்த விளையாட்டு முழுவதும் 64 கிலோபைட்டுக்குள் அடங்கியது. இன்று கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரு படத்துக்கே அதைப்போலப் பல மடங்கு இடம் வேண்டும். அவ்வளவு சிறிய இடத்துக்குள் ஒரு நாட்டையே வைப்பதென்றால், அந்த நாட்டைக் கடக்க நீண்ட நேரம் எடுக்கும்படி செய்வதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி அதிகம் இருந்திருக்காது. ஆட்டத்தைச் சேமிக்கவும் அதில் வசதி இல்லை. அரசன் வாசித்துச் சொல்லும் 20 யப்பானிய எழுத்துகளைத் தாளில் எழுதி வைத்து, அடுத்த நாள் அவற்றை அப்படியே உள்ளிட வேண்டும். இரண்டாம் பாகத்தில் அது 52 எழுத்துகள் வரை நீண்டது. ஓர் எழுத்தைப் பிழையாக எழுதியிருந்தால் அன்றைய உழைப்பு முழுவதும் போய்விடும். 1988 இல் மூன்றாம் பாகம், ஆட்டத்தைச் சேமித்து வைக்கும் பற்றரி வைத்த பெட்டியில் வந்தபோதுதான் யப்பானியப் பிள்ளைகளுக்கு அந்தத் துன்பம் தீர்ந்தது.

இருந்தும், தோற்றவனை டிராகன் குவெஸ்ட் நடத்தும் விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். சண்டையில் இறந்தால் கையிலிருக்கும் பொன்னில் பாதி போகும். அரசன் முன்னால் மறுபடி எழுந்து நிற்போம். அதுவரை சேர்த்த அனுபவம் அப்படியே இருக்கும். 1987 இல் ஹிரொனொபு சகாகுச்சியின் வழிநடத்தலில் தொடங்கிய ஃபைனல் ஃபேன்டசி வரிசையில் அந்த இரக்கம் இல்லை. எல்லோரும் விழுந்தால் ஆட்டம் முடிந்தது. கடைசியாகச் சேமித்த இடத்திலிருந்து எல்லாவற்றையும் திரும்பச் செய்ய வேண்டும். 1990 இல் வந்த மூன்றாம் பாகத்தின் முதற் பதிப்பில், இறுதிப் பகுதியாகிய பளிங்குக் கோபுரத்தில் ஏறத் தொடங்கினால், கடைசி எதிரியை வீழ்த்தும்வரை சேமிக்கும் இடம் ஒன்றுகூடக் கிடையாது. அதைச் சவால் என்று புகழ்கிறவர்கள் இருக்கிறார்கள். என் பார்வையில் அது கொடுமை. முதற்தடவை கற்றுக்கொண்ட ஒன்றை மறுதடவையும் அதற்கு மறுதடவையும் செய்ய வைப்பதில் ஆடுபவருக்குப் புதிதாக எதுவும் கிடைப்பதில்லை.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு நாங்கள் ஆடிய சூழலும் ஒரு காரணம். போருக்குப் பின் மீள்குடியேறி வந்த தொடக்க ஆண்டுகளில், இலங்கையின் வடக்கே விசுவமடுப் பக்கத்தில் எங்கள் ஒழுங்கைக்கு மின்கம்பம் வந்திருக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த மாமா ஒருவர் தன் மகன் பாவித்த பழைய பி.எஸ்.பி. என்ற கையடக்க விளையாட்டுக் கருவியை எனக்கும் தம்பிக்கும் கொடுத்துவிட்டுப் போனார். அதில் ஃபைனல் ஃபேன்டசி ஆறாம் பாகத்தின் பிளேஸ்டேஷன் பதிப்பு இருந்தது. சந்தியில் ஜெனரேற்றர் வைத்திருந்த கடையில், ஊரவர்களின் போன்களோடு சேர்த்து அதையும் சார்ஜ் போடக் கொடுப்போம். அந்தப் பதிப்பில் ஒவ்வொரு சண்டைக்கு முன்னும் தரவை ஏற்றுவதற்காகத் திரை சற்று நேரம் கறுத்து நிற்கும். கருவியின் பக்கத்திலுள்ள பச்சை விளக்கு மினுக்கத் தொடங்கினால் பற்றரி முடியப் போகிறது என்று பொருள். அந்த நேரத்தில் நாங்கள் குகையின் நடுவில் நின்றால், அடுத்த சேமிப்புப் புள்ளி எவ்வளவு தூரம், அதற்குள் எத்தனை சண்டை வரும், எத்தனை தடவை திரை கறுக்கும் என்பதே எங்கள் முழுக் கவலையாக இருக்கும். தூங்க வைக்கும் பொத்தானைத் தள்ளி வைத்தாலும் பற்றரி அடியோடு இறங்கிவிட்டால் எல்லாம் போய்விடும். எதிரிகளைக் கண்டு பயந்ததைவிட அந்தப் பச்சை விளக்கைக் கண்டு பயந்ததுதான் அதிகம்.

அதே கருவியில் அதே நாட்களில் இவ்விளையாட்டுகளின் பெரிய நன்மையையும் கண்டோம். அவை எங்களுக்காகக் காத்திருந்தன. டிராகன் குவெஸ்டில் கட்டளை கொடுக்கும்வரை யாரும் அசைய மாட்டார்கள். 1991 இல் ஃபைனல் ஃபேன்டசி நான்காம் பாகத்துக்காக ஹிரொயுகி இட்டோ வகுத்த சண்டை முறையில் நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். ஆனாலும் அமைப்புப் பக்கத்தில் காத்திருக்கும் தெரிவை வைத்தால், மந்திரமோ மருந்தோ தேடும்போது எதிரிகள் நின்றுவிடுவார்கள். அம்மா கிணற்றடிக்குக் கூப்பிட்டாலும், மாடு வேலியைப் பிரித்தாலும், கருவியைக் கீழே வைத்துவிட்டுப் போய் வேலையை முடித்துக்கொண்டு வரலாம். இப்போது கைத்தொலைபேசியில் ஒருவரையொருவர் சுட்டு ஆடும் விளையாட்டுகளில் அது முடியாது. ஒரு நிமிடம் கண்ணை எடுத்தால் கூட்டாளிகள் ஏசுவார்கள். பக்கத்து வீட்டுப் பெடியன் நான் ஆடுவதை முதன்முதலில் பார்த்தபோது, “அண்ணை, இவங்கள் ஏன் வரிசையா நிண்டு பாத்துக்கொண்டிருக்கிறாங்கள்? அடிபட மாட்டாங்களோ?” என்று கேட்டான். “நான் சொல்லுமட்டும் நிப்பாங்கள்” என்றேன். அது அவனுக்கு நம்ப முடியாததாக இருந்தது.

வீணான காத்திருப்பை அகற்றிக்கூட இத்தகைய விளையாட்டைச் செய்ய முடியும் என்பதற்கு 1995 இல் வந்த குரோனோ டிரிக்கர் சாட்சி. சகாகுச்சி, ஹொரி, தொரியாமா மூவரும் சேர்ந்த அந்த விளையாட்டில் எதிரிகள் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும்படி நடமாடுவார்கள். விலகிப் போகக்கூடிய இடங்களில் விலகிப் போகலாம். சண்டைக்கென்று வேறு திரைக்குத் தாவாமல் நின்ற இடத்திலேயே சண்டை நடக்கும். யசுனொரி மிட்சுடாவின் இசையும் கி.பி. 600, 1000, 2300 என்று காலங்களைத் தாண்டும் கதையும் சேர்ந்து அதில் அலுப்புக்கு இடமே வைக்கவில்லை. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு அதைத்தான் முதலில் கொடுப்பேன். என் மனம் நிலைத்து நிற்பது மட்டும் ஃபைனல் ஃபேன்டசி ஆறாம் பாகத்திலேயே.

1994 இல் சூப்பர் ஃபமிகொம் கருவிக்கு வந்த ஆறாம் பாகத்தில் ஆடக்கூடிய பாத்திரங்கள் 14 பேர். கதையின் நடுவில் கெஃப்கா என்பவன் உலகத்தையே உடைத்துவிடுகிறான். வழமையாக வீரர்கள் அதைத் தடுத்துவிடுவார்கள். இங்கே தடுக்க முடியவில்லை. ஓராண்டு கழித்து, செலஸ் என்ற பெண் ஒரு சிறு தீவில் கண் விழிக்கிறாள். அவளைக் காத்த முதியவர் சிட் நோயில் கிடக்கிறார். கடற்கரையில் மீன் பிடித்து அவருக்குக் கொடுக்க வேண்டும். வேகமாக நீந்தும் மீன் அவரைத் தேற்றும், மெதுவாக நீந்தும் மீன் அவரை இன்னும் வீழ்த்தும். விளையாட்டு இதை எங்குமே விளக்குவதில்லை. கையில் எளிதாக அகப்படுவது மெதுவான மீன்தான் என்பதால், அன்போடு ஓடி ஓடி ஊட்டியே அவரைக் கொன்றுவிடுகிறவர்கள் ஏராளம். நியாயமில்லாத புதிர் என்று இதற்கு எதிராக வாதாடலாம், அதை ஏற்றுக்கொள்வேன்; ஆனாலும் அந்தக் கடற்கரையில் ஒவ்வொரு மீனையும் உற்றுப் பார்த்து நின்ற நேரம் என் நினைவில் பதிந்ததைப்போல எந்தப் பெரிய சண்டையும் பதியவில்லை.

அதன் பிறகு வருவதுதான் இந்த விளையாட்டின் உயிர். பழைய கூட்டாளிகளில் ஒருவனான செட்ஸர், தான் இழந்த தோழி டேரிலின் கல்லறைக்குள் கிடந்த ஃபால்கன் என்ற பறக்கும் கப்பலை எடுத்துத் தருகிறான். அதில் ஏறிய கணத்தில், காற்று ஊளையிட்டுக்கொண்டிருந்த பழைய இசை மாறி, நொபுவோ உவெமட்சு இயற்றிய வேறொரு மெட்டு தொடங்குகிறது. எட்டே ஒலித்தடங்கள் கொண்ட அந்தச் சிறு கருவியில் அவர் அவ்வளவு ஏக்கத்தை எப்படி அடக்கினார் என்று இன்றைக்கும் வியக்கிறேன். அந்த நேரத்தில் எங்களிடம் கட்டாயம் இருப்பவர்கள் செலஸ், எட்கர், செட்ஸர் மூவரே. நேரே போய்க் கெஃப்காவின் கோபுரத்தில் இறங்க விளையாட்டு அனுமதிக்கிறது. உலகம் உடைந்தபோது சிதறிப்போன மற்றவர்களைத் தேடு என்று அது கட்டாயப்படுத்துவதில்லை. யார் எங்கே உயிரோடு இருக்கிறார்கள் என்பதற்கு அடையாளம் போட்ட வரைபடமும் இல்லை. ஊர் ஊராக இறங்கி, அங்குள்ளவர்களிடம் கதைத்து, துணுக்குத் துணுக்காகக் கேட்டறிந்து தேட வேண்டும். அப்படிச் சிதறியவர்களில் ஒருத்தியான டெர்ரா, பெரியவர்கள் எல்லோரும் இறந்துபோன மோப்லிஸ் ஊரில், மிஞ்சிய பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருக்கிறாள். வா என்று கூப்பிட்டாலும் அவள் உடனே வருவதில்லை.

சயன் என்ற வாள்வீரனைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். முதற் பாதியில் அவனைப்போல் பொறுமையைச் சோதிப்பவர் வேறு யாரும் இல்லை. அவனுடைய வாள் வித்தைக்கு ஒன்றிலிருந்து எட்டு வரை ஒரு அளவுகோல் மெதுமெதுவாக நிரம்ப வேண்டும். அது நிரம்பும்வரை மற்றவர்களுக்குக் கட்டளை கொடுக்க முடியாது, எதிரிகள் மட்டும் அடித்துக்கொண்டே இருப்பார்கள். தம்பி அவனைக் குழுவில் சேர்க்கவே விடமாட்டான். உலகம் உடைந்த பிறகு மராண்டா ஊருக்குப் போனால், அங்கே லோலா என்ற பெண் தன் காதலனிடமிருந்து கடிதங்கள் வருவதாகச் சொல்லி மகிழ்ந்திருக்கிறாள். கையெழுத்தைப் பார்த்தால் அது சயனுடையது. காதலன் இறந்துவிட்டான், மனைவியையும் மகனையும் நஞ்சுக்குப் பறிகொடுத்த சயன், மலையுச்சியில் தனியே இருந்து, இறந்தவனின் பெயரில் அவளுக்குக் கடிதம் எழுதிப் புறாவில் அனுப்பிக்கொண்டிருக்கிறான். எங்கள் பகுதியில் பிறந்து வளர்ந்த ஒருவரால் இந்தப் பகுதியை வெறும் கதையாக ஆடிவிட முடியாது. கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடங்கிய போராட்டத்தை எத்தனையோ தடவை கடந்து போயிருக்கிறேன். அவர்களின் வேதனையை ஒரு விளையாட்டோடு ஒப்பிட எனக்கு உரிமையில்லை. ஆனால் நல்ல செய்தி என்ற பெயரில் ஒரு பொய்யை அனுப்புவது இரக்கமா, தீங்கா என்ற கேள்வியை எங்கோ யப்பானில் இருந்தவர்கள் கேட்டு, அதற்குச் சுலபமான விடையும் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். அதற்காக அவர்களை மதிக்கிறேன்.

இந்தத் தேடல் நெஞ்சைத் தொடுவதற்கு, முன்னர் அலுப்போடு அடித்த அத்தனை வௌவால்களும் ஓரளவுக்குக் காரணம் என்று நினைக்கிறேன். சயனின் அளவுகோல் நிரம்பக் காத்திருந்தவர்களுக்குத்தான் அவன் இல்லாத குழு வெறிச்சென்று தெரியும். அதற்காக எதிர்பாராச் சண்டைகள் எல்லாவற்றையும் நியாயப்படுத்த நான் தயாரில்லை. அவற்றில் பாதியை வெட்டி எறிந்திருந்தாலும் இதே நெருக்கம் வந்திருக்கும். 2022 பெப்ரவரியில் வெளியான, ஆறாம் பாகத்தின் புதுப்பித்த பிக்சல் ரீமாஸ்டர் பதிப்பு தானாகவே சேமித்துக்கொள்கிறது. அதற்கடுத்த மாதக் கடைசியில் நாடு முழுவதும் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நடந்தபோது அந்த ஒரு திருத்தத்தின் அருமை நன்றாக விளங்கியது. பழைய விளையாட்டில் கை வைக்கக் கூடாது என்பவர்களோடு இந்த விடயத்தில் நான் சேரமாட்டேன்.

பக்கத்து வீட்டுப் பெடியனும் இப்போது தன் போனில் அந்தப் பதிப்பைத்தான் ஆடுகிறான். வானத்தில் மிதக்கும் கண்டத்துக்கு ஏறப் போகிறான். உலகம் உடைவதற்குச் சற்று முன், ஆறு நிமிடக் கடிகாரம் ஓட, அவர்கள் அங்கிருந்து தப்பியோட வேண்டும். விளிம்புக்கு வந்ததும் குதிப்பதா, நிற்பதா என்று விளையாட்டு கேட்கும். ஷாடோ என்பவன் இவர்களைத் தப்பவைப்பதற்காகப் பின்னால் நின்றிருக்கிறான். கடிகாரத்தில் ஐந்து வினாடி மிஞ்சும்வரை நின்றால் அவன் ஓடி வந்து சேருவான். பதறிப்போய் முன்னரே குதித்தால் அவன் திரும்பி வரவே மாட்டான், பின்னர் எங்கு தேடினாலும் கிடைக்க மாட்டான். கதையின் திருப்பங்களை முன்கூட்டிச் சொல்லக் கூடாது என்பது ஆடுபவர்களுக்கிடையே உள்ள வழக்கம். இந்த ஓரிடத்தில் அதை மீறுவதே சரி என்பது என் முடிவு. ஓடும் கடிகாரத்தைக் காட்டிவிட்டு நிற்பவனுக்கே பரிசு என்பதை மறைத்து வைத்தது விளையாட்டின் பிழை. அந்தப் பிழைக்கு அந்தப் பிள்ளை ஒரு துணையை இழக்க வேண்டியதில்லை.

“கடைசி அஞ்சு வினாடி வருமட்டும் நில்லு, குதிச்சுப் போடாதை” என்று சொன்னேன்.

“ஷாடோவுக்கோ? அவன் காசுக்கு வாறவன், நினைச்ச நேரம் விட்டிட்டுப் போறவன் எல்லோ அண்ணை?”

“ஓம், அவனுக்குத்தான்” என்று சொல்லி, அந்த இடத்துக்கு வரும்போது திரையில் எந்தத் தெரிவை அழுத்த வேண்டும் என்பதையும் காட்டிக் கொடுத்தேன்.