ரிட்டோனவிரின் இரண்டாவது பளிங்கு

"அக்கா, நீங்கள் எச்.ஐ.வி மருந்தில வேலை செய்தனீங்கள்தானே, அதைப் பற்றி எழுதித் தாங்கோ" என்று நம் பழைய மாணவியர் மலரைத் தொகுக்கும் குழுவிலுள்ள தங்கை கேட்டார். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், புதிய மருந்து எதையும் கண்டுபிடித்தவள் அல்ல நான். மற்றவர்கள் உண்டாக்கிய சேர்வைகளைப் பளிங்காக்கி, அதாவது படிகமாக்கி, அது எந்த வடிவப் பளிங்கு என்று பார்ப்பதுதான் இங்கிலாந்தில் எனக்குச் சோறு போட்ட வேலை. கலியாண வீடுகளில் இதை விளங்கப்படுத்துவது பெரிய பாடு. "அப்ப நீங்கள் டொக்டர் இல்லையோ?" என்பதில்தான் பேச்சு முடியும்.

நான் வேலைக்குச் சேர்ந்த தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் எல்லோர் வாயிலும் புரோட்டியேஸ்தான். எச்.ஐ.வி தன் புரதங்களை நீளமான ஒரே சங்கிலியாகச் செய்துவிட்டு, பிறகு அதை வெட்டித் துண்டாக்கும். அப்படி வெட்டுகிற நொதியம்தான் புரோட்டியேஸ். 99 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரே மாதிரியான இரண்டு பாதிகள் சேர்ந்தது. நடுவில் வெட்டும் இடம். அங்கே போய் இறுக்கிக்கொள்ளும் மூலக்கூறு கிடைத்தால் வைரஸ் முதிராமலே போய்விடும். 1989இல் இதன் வடிவம் எக்ஸ்-கதிரில் தெரிந்தபின் பல நிறுவனங்கள் போட்டியில் இறங்கின. முதலில் வந்த சக்குவினவிர், நம்மில் பலர் ரயிலில் கடந்துபோகும் வெல்வின் கார்டன் சிற்றியில் உருவானது. 1995 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நல்ல மருந்துதான். ஆனால் விழுங்கியதில் ஏறத்தாழ 4 வீதம்தான் இரத்தத்தில் சேர்ந்தது. மிச்சத்தில் பெரும்பகுதியைக் குடலிலும் ஈரலிலும் உள்ள ஒரு நொதியம் சிதைத்துவிடும்.

1996 மார்ச்சில் இதே வகை மருந்தான ரிட்டோனவிர் வந்தது. அது அந்த ஈரல் நொதியத்தையே முடக்கியது. முதலில் இதைத் தொல்லையாகத்தான் பார்த்தார்கள், கூடவே எடுக்கும் மற்ற மருந்துகளின் அளவெல்லாம் இரத்தத்தில் ஏறிவிடும் என்பதால். ஒரு தடவைக்கு 600 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு தடவை. வயிற்றைப் பிரட்டும், வாயைச் சுற்றி விறைக்கும். ஆனாலும் இந்த வகை மருந்தொன்றையும் சேர்த்து மூன்று மருந்துகளாகக் கொடுக்கத் தொடங்கியபின், 1997இல் அமெரிக்காவில் எயிட்ஸ் மரணங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன.

1998இல் வந்தது வினை. ரிட்டோனவிர் கப்சூல்கள் கரைய வேண்டிய வேகத்தில் கரையவில்லை. உள்ளே பார்த்தால், அதுவரை யாருக்கும் தெரியாத இன்னொரு பளிங்கு வடிவம். மூலக்கூறு அதேதான், அடுக்கு மட்டும் வேறு. பழையதைவிட உறுதியானது, கரைவதோ மிகக் குறைவு. நம் இரசாயன ரீச்சர் சின்னப் படிகாரத் துண்டொன்றை நூலில் கட்டி முகவைக்குள் இறக்குவாரே, ஞாபகம் இருக்கிறதா? சும்மா கிடந்த கரைசல் அந்தத் துண்டைப் பிடித்துக்கொண்டு வளரும். தொழிற்சாலையிலும் அதுதான் நடந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒரு துகள் விழுந்தாலே போதும், அந்தத் தொகுதி முழுக்கப் புதிய வடிவத்துக்கு மாறிவிடும். கப்சூலை நிறுத்தவேண்டி வந்தது. நோயாளிகள் 43 வீத மதுசாரம் கலந்த, வாயில் வைக்க முடியாத திரவத்தைக் குடித்தார்கள். அடுத்த வருடம் புதிய கப்சூல் வந்தது. அதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கவேண்டியிருந்தது.

அந்த மருந்தைச் செய்தது நான் இருந்த நிறுவனம் அல்ல. ஆனாலும் பயம் எல்லா ஆய்வுகூடங்களையும் பிடித்துக்கொண்டது. அதுவரை எங்கள் மூலைப் பக்கம் எட்டிப் பார்க்காத மேலாளர்கள், "இதற்கு வேறு வடிவம் இல்லை என்று நிச்சயமாகச் சொல்லலாமா?" என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். சொல்ல முடியாது என்பதுதான் நேர்மையான பதில். அது யாருக்கும் பிடிக்கவில்லை. ஒரே சேர்வையை வேறு வேறு கரைப்பான்களில், சூட்டிலும் குளிரிலும் பளிங்காக்குவோம். தூளைத் தட்டில் பரப்பி, கண்ணாடித் துண்டால் மட்டமாக அழுத்தி, எக்ஸ்-கதிரில் வைப்போம். வரைபடத்தில் இருக்கக்கூடாத இடத்தில் ஒரு சின்ன முனை எழும்பினால் அன்றைக்கு வீட்டுக்குப் போக நேரமாகும். சலிப்பான வேலை என்பார்கள். எனக்கு ஒருநாளும் சலிக்கவில்லை.

இதற்கிடையில் ரிட்டோனவிரின் அந்தத் தொல்லையே அதற்குப் புது வேலை வாங்கிக் கொடுத்தது. வைரஸை அடக்குவதற்கு இல்லை, ஈரல் நொதியத்தை அடக்குவதற்கு மட்டும் 100 மில்லிகிராம் கொடுத்தால் போதும். கூட வரும் மருந்து இரத்தத்தில் நின்று வேலை செய்யும். சக்குவினவிர் அப்படித்தான் பிழைத்தது. 2000இல் வந்த காலெட்ரா என்ற எச்.ஐ.வி மருந்தில், லொப்பினவிர் என்ற இன்னொரு புரோட்டியேஸ் மருந்தோடு இதையும் ஒன்றாகவே சேர்த்தார்கள்.

கொவிட் காலத்தில் பக்ஸ்லோவிட் எடுத்தவர்கள் நம்மில் இருப்பீர்கள். அந்தப் பெட்டியில் இளஞ்சிவப்புக் குளிசை கொரோனாவுக்கு. வெள்ளைக் குளிசை 100 மில்லிகிராம் ரிட்டோனவிர். என் மச்சாளுக்கு அதைக் கொடுத்தபோது சிம்வஸ்டற்றின் என்ற கொலஸ்ட்ரோல் குளிசையை நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள். ஏனென்று தெரியாமல் எனக்கு ரெலிபோன் எடுத்தா. அதையும் சிதைப்பது அதே ஈரல் நொதியம்தான். அதை ரிட்டோனவிர் கட்டிப்போட்டால் கொலஸ்ட்ரோல் மருந்து உடம்பில் தேங்கித் தசையைப் பழுதாக்கலாம் என்று சொன்னேன். "இதை டொக்டரே சொல்லியிருக்கலாம்" என்றா. சொல்லியிருக்கலாம்தான்.