ஜின்ஹாவ் எக்ஸ்750: புள்ளி விழாத நிப்பை எழுத வைத்தது

விலை குறைந்த சீன மைப்பேனாக்களில் பலரும் முதலில் கையில் எடுப்பது ஜின்ஹாவ் எக்ஸ்750. உலோக உடல், அழுத்தி மூடும் மூடி, 6ஆம் எண் அளவு நிப், கூடவே மையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் திருகுக் குழாயான ஒரு கன்வெர்ட்டர். நிப்பின் மேல் ‘18கேஜிபி’ என்று பொறித்திருப்பதைப் பார்த்துத் தங்க நிப் என்று எண்ண வேண்டாம். எஃகு நிப்தான், மேலே தங்க முலாம். எஃகு என்பதில் குறை ஒன்றுமில்லை. ஒரே மாதிரியில் ஒரு பேனா வழுக்கிக்கொண்டு ஓடும், இன்னொன்று முதல் எழுத்திலேயே மக்கர் பண்ணும், அதுதான் தொல்லை. இங்கே எழுதியிருப்பது அந்த இரண்டாவது வகைக்குச் செய்து பார்த்த வைத்தியம்.

கழுவுவது, நிப்பின் நடுப்பிளவுக்கு இருபுறமும் உள்ள இதழ்களைச் சமப்படுத்துவது, மை ஓட்டத்தைத் திருத்துவது, இவையெல்லாம் முடிந்த பிறகே நுனியைத் தேய்ப்பது. இந்த வரிசையை மாற்றக் கூடாது. மை போதாத நிப்பும் கீறும், கோணிய நிப்பும் கீறும். காரணம் தெரியாமல் உப்புத்தாளை எடுத்தால் நல்ல நுனியும் ஒருபக்கம் தேய்ந்து போகும். தேய்த்ததைத் திரும்ப ஒட்ட முடியாது.

கழுவ, ஒரு கோப்பைத் தண்ணீரில் பாத்திரம் துலக்கும் சோப்புத் திரவம் ஒரு துளி போதும். கன்வெர்ட்டரைத் திருகி உறிஞ்சி வெளியே விட்டு, பிறகு வெறும் தண்ணீரால் அலச வேண்டும். ஆலையில் ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கு, நிப்புக்கு அடியில் மையைக் கொண்டுவரும் நாக்கின் மெல்லிய வாய்க்காலில் இருந்தால் மை அதில் பிடிக்காமல் நழுவும். பல பேனாக்கள் இந்தக் குளியலிலேயே குணமாகிவிடும். நிப்பையும் நாக்கையும் கழற்ற வேண்டி வந்தால், இரண்டையும் சேர்த்து ரப்பர் துண்டால் பிடித்து நேராக இழுக்க வேண்டும். முறுக்கினால் நாக்கின் ஓரம் உடையும். நாக்கு பிளாஸ்டிக், அதனால் கொதிநீர் ஆகாது.

சோதிப்பதற்கு வெளிநாட்டவர் எட்டு எட்டாகச் சுழித்துக் காட்டுவார்கள். அது தாளை விட்டு எழாத கோடு, அதில் பெரிய குறை ஒன்று ஒளிந்துகொள்ளும். தமிழுக்குப் புள்ளிதான் சரியான பரீட்சை. ‘விண்ணப்பத்தில்’, ‘கண்ணாடிக்குள்’ போன்ற சொற்களை நிதானமாக எழுதிப் பாருங்கள். எழுத்து கறுப்பாக விழுந்து புள்ளி மட்டும் விழாமல் போனால், நிப் தாளைத் தொட்ட கணத்தில் மை எட்டவில்லை என்று பொருள். புள்ளிக்கு இழுப்பு கிடையாது, தொட்டதும் எடுத்துவிடுகிறோம். அந்த ஒரு கணத்துக்குள் மை வந்தாக வேண்டும்.

பத்து மடங்கு உருப்பெருக்கியில் நுனியை எழுதும் பக்கமாகப் பாருங்கள். இரு இதழ்களும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். உருப்பெருக்கி இல்லையென்றாலும் வழியுண்டு: கோட்டை வலப்பக்கம் இழுக்கும்போது மட்டும் கீறினால், எழுதும் நிலையில் இடது இதழ் தாழ்ந்திருக்கிறது. இடப்பக்கம் கீறினால் வலது இதழ். தாழ்ந்த இதழை அடியிலிருந்து நகத்தால் மேலே தூக்கி, சமமட்டத்தைச் சற்றே தாண்டிச் சில நொடி பிடித்து விட்டால் போதும். எஃகு கொஞ்சம் பின்வாங்கும், அதனால்தான் அந்தத் தாண்டல்.

அடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து நடுப்பிளவைப் பாருங்கள். நிப்பின் நடுவில் உள்ள துளையிலிருந்து நுனியை நோக்கிக் குறுகிக்கொண்டே போக வேண்டும். முழுக்க ஒட்டிக்கிடந்தால் மை வறளும். 0.05 மி.மீ. பித்தளைத் தகட்டைத் துளைப் பக்கம் நுழைத்து நுனிவரை மெதுவாக இழுங்கள். அடைப்பு இருந்தாலும் அதோடு வந்துவிடும். ஆசைப்பட்டு அகலமாக்கினால், நுனி துளையைவிட அகன்று, மை நுனிவரை வராமல் நடுவிலேயே நின்றுவிடும். வறட்சிக்குச் செய்த வைத்தியமே வறட்சியாகிவிடும்.

இதற்குப் பிறகும் புள்ளி விழாவிட்டால் குறை நுனியில் தாளைத் தொடும் சிறு உருண்டையான மணியில்தான். பிளவின் இரு ஓரங்களும் அளவுக்கு மீறி உருண்டு, எழுதும் இடத்தில் சிறு பள்ளம் விழுந்திருக்கும். மை பள்ளத்தில் நிற்கும், தாளைத் தொடாது. ஆலையில் அதிகம் மெருகேற்றியதால் வருவது இது. வழவழப்பாக எழுதுகிறது என்று பலர் மெச்சும் நிப்பில்தான் பெரும்பாலும் இருக்கும்! 3 மைக்ரான் மெருகுத்தாளில், பேனாவில் மை இருக்கும்போதே, வழக்கமாக எழுதும் சாய்வில், அதன் சொந்தக் கனத்தைத் தவிர வேறு அழுத்தமில்லாமல் சில சுழிகள் போட்டு, புள்ளி வைத்துப் பார்த்து, மறுபடி சுழிக்க வேண்டும். புள்ளி ஒழுங்காக விழத் தொடங்கியதும் நிறுத்திவிட்டு, 1 மைக்ரானுக்கும் பிறகு 0.3க்கும் மாறலாம். கடைசித் தாளில் அதிகம் தேய்த்தால் ஓரங்கள் மீண்டும் உருண்டு பழைய கதையே.

சரிசெய்த பிறகும் இதன் நடுத்தர நிப் தமிழுக்குக் கொஞ்சம் பருமன்தான். எழுத்துச் சிறியதாக இருந்தால் ‘ண’வின் சுழிகளும் ‘ஞ’வின் வளைவும் அடைந்துபோகும். எட்டு மி.மீ. கோடு போட்ட தாளில் சரியாக வரும், அதற்குக் குறைந்தால் மெல்லிய நிப்பே நல்லது. ஜெர்மனியின் ஜோவோ நிறுவனத்தின் 6ஆம் எண் நிப் பெரும்பாலும் இதே கழுத்தில் பொருந்தும். அதன் விலை பேனாவின் விலையையே தாண்டலாம் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூடியைப் பின்னால் செருகி எழுதினால் கனம் பின்பக்கம் சாய்ந்து நிப் தூக்கும். செருகாமல் எழுதுவதே மேல். கன்வெர்ட்டரில் மை பின்முனையில் ஒட்டிக்கொண்டு முன்னே இறங்க மறுத்தால், துருப்பிடிக்காத எஃகுக் குண்டு சின்னதாக ஒன்றை உள்ளே போட்டுவிடுங்கள். மைப்பேனாவுக்கென்றே விற்கும் சாய மை மட்டும் ஊற்றுங்கள். ஓவியத்துக்கான அரக்கு கலந்த இந்தியன் மை நாக்கின் வாய்க்காலில் காய்ந்துவிட்டால் சோப்புத் தண்ணீருக்கு அசையாது.