நீலம் ஊதாவாக மாறும்போது

சிங்கப்பூரின் கென்ட் ரிட்ஜில் இருக்கும் எங்கள் ஆய்வுக்கூடத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த சோதனை இதுதான். டொலுயிடின் ப்ளூ சாயத்தைத் தண்ணீரில் நீர்க்கக் கரைத்து, ஹெப்பரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும், நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறு) கரைசலை ஒரு சொட்டு விட்டால், விழுந்த இடத்திலிருந்து ஊதா இழை இழையாக இறங்கும். குலுக்கினால் குழாய் முழுக்க ஊதா.

சாயத்துக்கு நேர்மின்னூட்டம், ஹெப்பரின் சங்கிலி நெடுக எதிர்மின்னூட்டம். ஒட்டிக்கொள்வது சரி, நிறம் ஏன் மாற வேண்டும்? அடுத்தடுத்த இடங்களில் ஒட்டும் தட்டையான சாய மூலக்கூறுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு, தனித்தனியாக இல்லாமல் சேர்ந்தே ஒளியை உறிஞ்சுகின்றன, அதனால் 630 நானோமீட்டர் பக்கம் இருந்த உறிஞ்சல் குறைந்த அலைநீளத்துக்கு நகர்கிறது.

இதைவிட அழகு அடுத்த கட்டம். ஹெப்பரினை நிறைய சேர்த்துக்கொண்டே போனால் நீலம் மெல்லத் திரும்பும்! கூட்டமில்லாத எம்ஆர்டி ரயில் பெட்டியில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்வது போல, இடம் கூடியதும் சாயம் விலகி விலகி ஒட்டுகிறது. உப்பு போட்டாலும் நீலம்தான், ஆனால் காரணம் வேறு: சோடியம் அயனிகள் சங்கிலியின் மின்னூட்டத்தை மறைக்க, பிடி தளர்ந்து சாயம் தண்ணீருக்கே போய்விடுகிறது.

1878இல் ஜெர்மன் மருத்துவ விஞ்ஞானி பால் எர்லிக், ஒவ்வாமையில் பங்கு வகிக்கும் மாஸ்ட் செல்களை இனங்கண்டதும் இப்படிப்பட்ட நிறமாற்றத்தை வைத்துத்தான். அந்தச் செல்களின் துகள்களில் ஹெப்பரின் இருக்கிறது என்பது பல பத்தாண்டுகள் கழித்தே தெரிந்தது.